எட்டு பார்

ஓக்லாவில் ஒரு தகரக் கொட்டகை.
கணபதியிலிருந்து வந்த மெக்கானிக் என்றதும்
தேஜ்பால் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.
நாலு நாளாய் அழுத்தம் ஏறவில்லை,
முள் மூன்றிலேயே முனகுகிறது என்றார்
பாதி இந்தியில், மீதி விரல்களில்.

லாரிமேல் டேங்க், அதன்மேல் தார்ப்பாய்.
தீயணைப்பு வண்டி என்று நானாக நினைத்துக்கொண்டேன்.
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

சீல் தேய்ந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது பம்ப்.
மாற்றினேன். இம்பெல்லரில் படிந்த உப்பைச் சுரண்டினேன்.
ஸ்டார்ட் செய்ததும்
நாலு, ஆறு, ஏழு,
எட்டு பார் என்றேன்.
ஆட் என்று கத்தினார் அவர்.
டீயும் ரஸ்க்கும் வந்தன.
ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கினேன்.
வாடிக்கையாளர் திருப்தி: ஆம்.

சாயங்காலம் மெட்ரோ பாதியில் நின்றுவிட்டது.
ஷட்டரை இறக்கிக்கொண்டே
வெளியே போகச் சொன்னார்கள், கையால்.
ஊரிலிருந்து கோகிலவாணி:
டிவில காட்றாங்க, எட்டிக்கூடப் பாக்காதீங்க,
ஒறம்பரைக்குப் போன எடத்துல நமக்கென்னங்க.
இங்க பன்னெண்டு நாளாத் தண்ணி வரலீங்க.
அதற்குமேல் சிக்னல் இல்லை.

ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் என்று கேட்ட ஒவ்வொருவரும்
கூட்டம் போகும் திசையையே காட்டினார்கள்.
அட்டைகளில் எழுத்துகள்
கொடியில் காயப்போட்ட துணிபோலத் தொங்கின.
ஒன்றும் படிக்கத் தெரியவில்லை எனக்கு.
பக்கத்தில் வந்த பையனிடம்
என்ன கேட்கிறீர்கள் என்றேன்.
வேலை என்றான் ஆங்கிலத்தில்.
இன்னொன்றும் சொல்ல வந்து
ஆங்கிலத்தில் தேடினான், கிடைக்கவில்லை.
தன் சட்டைக் காலரை
நிமிர்த்திக் காட்டினான்.
வறுத்த கடலை கொடுத்தான். சூடாயிருந்தது.
அவர்கள் கத்தும்போது
வாயைச் சும்மா வைத்திருப்பது
சாப்பாட்டுப் பந்தியில் நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது.
இரண்டாவது முறை நானும் ஏதோ சொன்னேன்.
என்ன சொன்னேனோ.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

ஆயிரம் தொண்டைகளுக்கு நடுவிலும்
எனக்கு அது தெரியும்.
புது சீல், சரியான இறுக்கம், பிசிறில்லாத ஓட்டம்.
ஒரு கணம்
(சொல்ல வெட்கமாயிருக்கிறது)
பெருமையாயிருந்தது.

தார்ப்பாய் இல்லாமல் நின்றது லாரி.
மேலே ஒரு குழல்
யாரையோ தேடுவதுபோல்
இப்படியும் அப்படியும் திரும்பியது.

நீரடித்து நீர் விலகாது என்பார்கள்.
ஆள் விலகுகிறான்.
ஆள் பறக்கிறான்.
கண்ணாடி ஒருபுறம், செருப்பு ஒருபுறம்,
காலரை நிமிர்த்தியவன் தடுப்புக் கம்பியோடு
ஒட்டிக்கிடந்தான் ஈரக் காகிதமாய்.
ஜனவரி. தண்ணீரில் கத்தி கரைத்திருந்தார்கள்.
என் மேலும் விழுந்தது. பை நனைந்தது.
ஸ்பேனர், கேஜ், காகிதம் எல்லாம்.
மூன்றிலேயே விட்டிருக்கலாமே
என்று நினைத்தபடியே
அவனை எழுப்பி உட்கார வைத்தேன்.
பல் கிட்டிப்போயிருந்தது.
தேங்க் யூ அங்கிள் என்றான்.
அந்த ஒன்றைத்தான்
கழற்றவும் முடியவில்லை, மாட்டவும் முடியவில்லை.

ரயிலைப் பிடித்துவிட்டேன்.
மதுரா தாண்டியதும் நெட் வந்தது.
தேஜ்பால் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.
வீட்டிலிருந்து ஒரு படம்:
வாசலில் ஒன்பது குடம், தளும்பத் தளும்ப.
தண்ணி வந்துருச்சுங்க.
இங்கயும் என்று அடித்தேன்.
அழித்தேன்.

கொக்கியில் மாட்டிய பை சொட்டிக்கொண்டிருந்தது.
கீழ் பெர்த்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு
டிக்கெட் பரிசோதகரிடம் சொன்னார்:
மேல ஏதோ லீக் ஆகுது சார்,
மெக்கானிக் இருந்தா வரச்சொல்லுங்க.

போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.