துத்தநாகத் தகடு

மழைக்கோட்டின் உள்பையிலிருந்து
பச்சை மையில் வரைந்த நாட்டை எடுத்து
என் அச்சு மேசையில் விரித்தார் வரைச்.
கேம்பிரிட்ஜில் அன்று உறைபனி.
எழுத்துப்பெட்டிகள் விரலைக் கடித்தன.

எட்டுப் பக்கம், ஐந்நூறு பிரதி.
நாட்டின் பெயரை ஈயத்தில் கோத்தேன்,
இடவலம் மாறி, தலைகீழாக.
மூன்று முறை பிழை திருத்தினார்,
எழுத்தில் அல்ல, எல்லையில்:
"ஒரு மயிரிழை கிழக்கே, மிஸ்டர் டெப்னம்."
ஒரு மயிரிழைக்கு எத்தனை ஊர் என்று
நான் கேட்கவில்லை.

பதினான்கு வருஷம் கழித்து வந்தார்,
அதே மழைக்கோட்டு.
நாடு கிடைத்துவிட்டதே என்று கை நீட்டினேன்.
செய்தித்தாளை விரித்தார்.
கோடு வேறு யாரோ போட்டது.
அவர் பிறந்த பட்டாலா
கட்டைவிரலுக்கு அந்தப்புறம் கிடந்தது.
தம்பி மகளைத் தேடித் தந்தி கொடுத்தாராம்,
ஆறு.

"பழைய தகடு இருக்கிறதா?"
இருந்தது. இயந்திரத்தின் ஆடும் காலுக்கு
முட்டுக்கொடுத்திருந்தேன்.
தேடுகிற பாவனையில்
இரண்டு இழுப்பறைகளைத் திறந்து மூடினேன்.

பாக்கி நான்கு பவுண்டு ஏழு ஷில்லிங்.
அவருக்கும் நினைவிருந்தது.
ஒரு பவுண்டை வைத்தார்.
மீதிக்குக் கணக்கெழுத
முகவரி கேட்டேன்.

பேனாவை வாங்கி
நெடுநேரம் வைத்திருந்தார்.