செவுள் கணக்கு

பாணந்துறைக் கடைசி ரயில் போன பிறகு
கல்கிசைக் கரையில் படகைத் தள்ளினார்கள்.
நாங்கள் நான்கு பேர். மூவருக்கு நீந்தத் தெரியும்.
கிளெமென்ட் என் லைஃப் ஜாக்கெட்டின் வாரை
மூட்டை கட்டுவதுபோல் இறுக்கிவிட்டு,
"அக்கா, பலகையை மட்டும் விடாதீங்க,
மிச்சத்தைக் கடல் பாத்துக்கொள்ளும்" என்றான்.
மிச்சம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

அரை மணி நேரம் மேற்கே.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் சிவப்பு,
காலிமுகத்திடலருகே கடலை மூடி எழுந்த நிலத்தின் வெள்ளை,
தெகிவளையின் பழைய மஞ்சள்.
என் வெள்ளவத்தை எது என்று தேடி
ஏதோ ஒரு அடுக்குமாடியை
என்னுடையதென்று வைத்துக்கொண்டேன்.

பலகையின் அடியில் விளக்கு.
விளிம்பைப் பிடித்தபடி குப்புற மிதந்தோம்,
கொடியில் மறந்துபோன துணிகளாய்.
குழாய்க்குள் என் மூச்சு
பக்கத்து அறையில் யாரோ குறட்டை விடுவதுபோல் கேட்டது.
முதலில் பொடிகள் வந்தன,
மழைக்கால ஈசல்போல், ஆனால் சிறகில்லாமல்
வெளிச்சத்தில் கொதிக்கும் பொடி உயிர்கள்.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
கால் விறைத்தது. கொடுத்த காசை நினைத்தேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
ஆனைத்திருக்கையை எனக்குப் பன்னிரண்டு வருடமாய்த் தெரியும்.
பேலியகொடையில் ஏற்றுமதி அலுவலகம்,
இரண்டாம் மாடி, மின்விசிறிக்குக் கீழே என் மேசை.
இறைச்சி கருவாட்டுக்குப் போய்விடும்,
செவுள்தான் எங்களுக்கு.
வெயிலில் காய்ந்து கறுத்த சீப்புகளாய்ச் சாக்கில் வரும்.
முதல் தரம், இரண்டாம் தரம், உடைசல்.
ஈரம் இருந்தால் கழிவு.
கப்பல் எங்கே போகிறது, யாருடைய நெஞ்சுச் சளிக்குக் கஷாயமாகிறது,
அதற்கெல்லாம் பேரேட்டில் நிரல் கிடையாது.
போன வருடம்தான் முதலாளி இறாலுக்கு மாறினார்.
பழைய பேரேடுகள் மேசைக்கடியில் கிடக்கின்றன,
செருப்பைக் கழற்றி அவற்றின்மேல்தான் பாதம் வைப்பேன்.
முழு மீனை நான் பார்த்ததேயில்லை.

வந்தது.
கீழே, இருட்டில் ஒரு துண்டு
மற்ற இருட்டைவிட்டுக் கழன்றது.
பிறகு அதற்கு வெள்ளை வயிறு இருந்தது.
என் சமையலறையைவிட அகலம்.
வாயைத் திறந்தபடியே மேலேறி
என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்
குத்துக்கரணம் அடித்தது.
உள்ளே விளக்கு விழுந்தது.

அங்கே இருந்தன.
இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து.
சாக்கின் வாடை இல்லை.
ஈரமாய்
(ஈரம் இருந்தால் கழிவு)
ரோசாவும் சாம்பலுமாய்,
காற்று புரட்டும் ஏடுகள்போல்
திறந்தன, மூடின.
பொடிகளை வைத்துக்கொண்டு
கடலைத் திருப்பிக் கொடுத்தன.

என் மூளை, வெட்கம் கெட்டது,
எடை போட்டது.
இரண்டே முக்கால் கிலோ, காய்ந்தால்.
முதல் தரம்.

மறுபடி வந்தது. மறுபடி.
ஏழு வரை எண்ணினேன்.
ஒரு தடவை செட்டை என் முழங்கையைத் தொட்டது,
அல்லது அது தள்ளிய தண்ணீர்.
செட்டை என்றால் எங்களுக்குச் சிறகும்தான்.
பக்கத்தில் நவ்ஷாத் குழாய்க்குள்ளேயே எதையோ கத்தினார்,
பூ, பூ என்று மட்டும் கேட்டது.

திரும்பும்போது துவாயை நீட்டி
கிளெமென்ட் கேட்டான், "அக்கா என்ன வேலை செய்யிறீங்க?"
"கணக்கு."
"சுகமான வேலை."
பிளாஸ்கில் பிளேன்டீ இருந்தது. சீனி கூட.

மூன்று நாள் காதுக்குள் கடல் அடைத்திருந்தது.
ஒற்றைக் காலில் குதித்தும் பார்த்தேன், போகவில்லை.
வியாழக்கிழமை, பேரேட்டின்மேல் பாதம் வைத்து
தொலைபேசியில் இறால் விலை கேட்டுக்கொண்டிருந்தபோது
இடது காதிலிருந்து அது
வெதுவெதுப்பாய் வழிந்து
விலைப்பட்டியலில் சொட்டியது.
"ஹலோ," என்றது மறுமுனை,
"ஹலோ, கேட்குதா?"