காத்தேய்வு

பள்ளிப்பட்டு தாண்டி நகரி சாலையில்
எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
ரசீதுச் சுருளின் பின்பக்கம் வெள்ளை.
அதில்தான் நீலுவம் நாட்டை வரைந்தேன்:
மூன்று நிலா, ஒரு கந்தகக் கடல்,
இருபத்தேழு அரசர்களின் பட்டியல்,
எல்லை நெடுக நெருப்பு வாள் ஏந்திய காவலர்,
சிறகு முளைத்த குதிரைகளுக்கு
மலைமேல் ஒரு லாயம்.

கூடை எண்ணும் தேசம்மா
கணக்குப் போட வெற்றுத்தாள் தேடி
அதை எடுத்துப் படித்துவிட்டாள்.
"குதிரை பறக்குது, சரி.
சாணி யார் தலையில விழும்?"
கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.

அந்த இரவு முழுக்க
லாயத்துக்குக் கீழே ஒரு தெருவைக் கட்டினேன்.
அங்கே மாடியில் துணி உலர்த்துவதில்லை.
குடை பிடித்துக்கொண்டுதான் பெண் பார்க்க வருவார்கள்.
வாடகை பாதி.
அந்தத் தெருவில் பிறந்தவன் என்று தெரிந்தால்
கோயிலில் இரண்டு படி தள்ளி நிற்கச் சொல்வார்கள்.
இதை எழுதியதும் கை நின்றது.
இந்த ஒரு வரியை மட்டும்
நான் கற்பனை செய்யவில்லை.

நெருப்பு வாள்களையும் அணைத்தேன்.
இங்கே எல்லை என்பது தார் நிறம் மாறும் இடம்,
செல்போன் ஒருமுறை சிணுங்கி வரவேற்கும் இடம்,
இரண்டு பக்கமும் ஓட்டு வைத்திருப்பதாகச் சொல்லப்படும்
பஞ்சர் கடை வேணுவின் காற்றுக் குழாய்
எட்டும் தூரம்.

ஆனியில் கிளிமூக்கு மாங்காய் வண்டிகள்
சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைக்கு
மூன்று நாள் வரிசை.
இங்கே பத்து டன் நாற்பது கிலோ.
அங்கே கேட்டில் ஒன்பது டன் எண்ணூறு.
நடுவில் போனதை எவனும் திருடவில்லை;
காய் நின்ற இடத்திலேயே மூச்சு விட்டிருக்கிறது.
நஷ்டம் யாருக்கு என்று
தமிழில் தொடங்கிய சண்டை
தெலுங்கில் முற்றி
கெட்ட வார்த்தைக்கு மட்டும்
மறுபடி தமிழுக்கு வந்தது.

நீலுவத்தாருக்கு இதற்கு ஒரு சொல் வேண்டும்.
காத்தேய்வு.
காத்திருந்ததில் தேய்ந்தது.
முதலில் அது வியாபாரிகளின் சொல்;
நூற்றுக்கு இரண்டு கழிக்கலாம் என்று
பதினொன்றாம் அரசன் ஆணை போட்டான்.
பிறகு அது வீட்டுக்குள் போயிற்று.
வெளியூரிலிருந்து திரும்பும் கணவனை வாசலில் நிறுத்தி
மனைவி இடுப்பில் கயிறு சுற்றிப் பார்ப்பாள்,
எவ்வளவு காத்தேய்வு என்று.
கயிறு மிஞ்சாவிட்டால்
அன்றைக்குச் சாப்பாடு தாமதமாகும்.
கடைசியில் பொடியன்கள்
அதை ஒரு வசைச்சொல்லாக்கிக்கொண்டார்கள்.
அப்போதுதான்
அந்த நாட்டில் ஆள் இருப்பதாக நம்பினேன்.

பதினொன்றாமவனை வைத்துக்கொண்டு
மற்ற இருபத்தாறு அரசர்களை அடித்தேன்.
நாட்டில் ஒருவரும் அழவில்லை.

ஒரு விடியற்காலை, தூக்கக் கலக்கம்.
குருவய்யா வண்டியின் சீட்டில்
'சேருமிடம்' என்ற கட்டத்தில்
அரிந்தை என்று தட்டிவிட்டேன்.
அது நீலுவத்தின் தலைநகரம்.
கவனித்தபோது வண்டியின் பின்விளக்குகூட இல்லை.
போன் போட்டேன். வண்டி ஓட்டும்போது
அவர் எடுக்கமாட்டார்.

நான்காம் நாள் வந்து சீட்டை நீட்டினார்.
செக்போஸ்ட்டின் ஊதா முத்திரை.
ஆலை வாசலின் சிவப்புக் கையெழுத்து.
அரிந்தைக்கு நேரே ஒரு டிக்.

"யாரும் எதுவும் கேட்கலையா?"
"என்ன கேக்கணும்? எடை இருந்துச்சு, தேதி இருந்துச்சு."

மூன்று நிலாவை வைத்து
மூன்று வருஷமாக என்னால் செய்ய முடியாததை
ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்திருந்தது.

குருவய்யா போகாமல் நின்றார்.
"ஆ ஊரு எக்கட உந்தி?
இங்கேருந்து என்ன லோடு ஏத்தினா அங்க போகும்?"

தேசம்மா கூடை எண்ணுவதை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தாள்.
யோசித்தேன்.
கடல் இருக்கிறது. ஆனால் கந்தகம்.

"உப்பு ஏத்திட்டுப் போங்க," என்றேன்.
"நல்ல விலைக்கு எடுப்பாங்க."