நாடிவார்

மத்திய வீதியில் நவ்பரின் கடை.
கூரையிலிருந்து தலைகள் தொங்குகின்றன,
உடம்புகள் பிறகு வந்து சேரும் என்பதுபோல.

ரிஸ்மி முதலில் இளஞ்சிவப்பை எடுத்தான்.
பெண்கள் இதைத்தான் கேட்பார்களாம்.
அதில் வண்ணத்துப்பூச்சி வேறு.
விடிய விடிய ரத்த மாதிரிகளுக்கு
நம்பர் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், தம்பி.
வண்ணத்துப்பூச்சி வேண்டாம்.

கறுப்பு. நெருப்புக்கோடு இழுத்த கறுப்பு.
போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன்:
யாரையோ துரத்திப் போகிற ஒருத்தி.
பிடித்திருந்தது, மறைக்கமாட்டேன்.
ஆனால் தோடு நசிந்தது.
கொண்டை பின்னால் முட்டி
முன்விளிம்பைக் கண்மேல் இறக்கிற்று.
அடுத்தது பெரிது.
தலையைத் திருப்பினேன்.
தலை மட்டும் திரும்பிற்று.
அது நிலாவெளிப் பக்கம் பார்த்தபடியே நின்றது.

"பழசுக்கு என்ன மிஸ்?"

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.
போன மாதம், கோட்டை வாசலுக்கு இப்பால்,
இரவு பதினொன்றரை.
நடுவீதியில் ஒரு மான்
சோற்றுப் பார்சல் பேப்பரைத் தின்றுகொண்டு.
பிரேக் பிடித்தது ஞாபகம்.
பிறகு காதுக்குள் ஒரு தேங்காய் உடைந்தது.
மான் விலகவில்லை.
விழுந்து கிடந்த என்னைக் கொஞ்சம் பார்த்தது,
மிச்சத்தைத் தின்றது.

வெளியே ஒரு கீறல்தான்.
நவ்பர் உட்பஞ்சை உரித்து
வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
இடது காதுக்கு மேலே, உள்ளே,
மயிரிழையாய் ஒரு வெடிப்பு.
"இது அதுட வேலையச் செஞ்சு முடிச்சிட்டு மிஸ்.
இன்னொருக்காச் செய்யாது."

அந்த வெடிப்பு வந்திருக்கக்கூடிய இடத்தை
விரலால் தேடினேன்.
முடி. கீழே எலும்பு. இளஞ்சூடு.

கடைசியில் வெள்ளை. ஒரு படமும் இல்லை.
எஸ்.எல்.எஸ். முத்திரை, மீடியம்.
கன்னங்களை யாரோ இரு கையால்
பிடித்திருப்பதுபோல் இறுக்கம்.
கொண்டையைக் கழுத்தடிக்கு இறக்கிக் கட்டினேன்.
ஒன்பதாயிரத்து எண்ணூறு.
நவ்பர் முந்நூறு குறைத்தார்,
மானுடைய கணக்கில் என்றார்.

"இன்னும் கறுப்பத்தான் பாக்குறீங்க" என்றான் ரிஸ்மி.
பார்ப்பதற்குக் காசில்லைத்தானே.

நாடிக்குக் கீழே 'டிக்' என்றது வார்.
வெயில், காகம், பஸ் ஹோர்ன்
எல்லாம் ஒரு எட்டுத் தள்ளிப் போய் நின்றன.
என் மூச்சு மட்டும் பக்கத்தில்.

கடற்கரை வீதி வளைவில்
மதில் நிழலில் மூன்று மான்கள்.
வேகத்தைக் குறைத்தேன்.
ஒன்று நிமிர்ந்து பார்த்தது.
அதன் தலையில் ஒன்றுமே இல்லை,
இரண்டு கொம்பைத் தவிர.