இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

ஒரு வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து, மிஞ்சக் கூடாது என்றான்
ஹெவ்லொக் வீதி அலுவலகத்துப் பையன்.
கறுப்பு வெள்ளைப் படம். அவனுடைய அப்பாவை விட மூத்தது.
இத்தாலியின் தெற்கிலிருந்து வடக்குக்கு
ஆலை வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ரயில்.
"இத்தாலியன் எங்க படிச்சீங்க அன்ரி?"

பலேர்மோவில், லிஃப்ட் இல்லாத நாலாம் மாடியில்,
எழும்பி நடக்க முடியாத ஒருத்தியின் குளியலறையில்
என்று சொல்லவில்லை.
அங்கே இருந்தேன், என்றேன்.

மாத்திரைப் பெட்டியிலும் மீன் சந்தையிலும் பொறுக்கிய மொழி.
வினைச்சொல்லில் எனக்கு
ஏவல் மட்டும் நன்றாகத் தெரியும்:
தூக்கு, துடை, மெல்ல, திருப்பு.

படத்தில் ஆலை வாசலில் மேற்பார்வையாளன் விரல் நீட்டுகிறான்.
நீ. நீ. நீ இல்லை.
அதற்கு நான் எழுத்துப் போடவில்லை.
ஒருவன் தன் பெட்டியைச் சணலால் கட்டுகிறான்.
கொட்டாஞ்சேனையில் டெக்லா அக்கா
பல்லால் இழுத்து இறுக்கிய அதே முடிச்சு.

பிறகு ரயில் மேடை. மனைவி. ஒரே ஒரு சொல் சொல்கிறான்:
பார்த்தோ.
நம் காதுக்கு, கடைசி ஒற்று உதிர்ந்த 'பார்த்தோம்'.
அவர்களுக்கு, புறப்படுகிறேன்.

'போகிறேன்' என்று அடித்தேன். விரல் நின்றுவிட்டது.
யார் அப்படிச் சொல்லிப் படியிறங்குவார்கள்?
செத்த வீட்டிலிருந்துதான்
சொல்லாமல் எழும்பி வருவோம்.
அழித்துவிட்டு, போயிட்டு வாறன் என்று போட்டேன்.
ஏழு எழுத்து. அளவுக்குள்தான்.

பொறளையில் திரையிட்ட அன்று நல்ல மழை.
கட்டுநாயக்கவிலிருந்து
தையல் ஆலைப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டி வந்திருந்தார்கள்.
இரண்டாம் பாதியில் அவனுக்கு வடக்கில் வேறொரு வீடு,
வேறொரு அடுப்பு, காசுக் கட்டளை நின்றுபோகிறது.
முன் வரிசையில் ஒருத்தி எழும்பியே விட்டாள்:
"பொய்யன்! வாறன் எண்டெல்லோ சொன்னவன்!"
மண்டபம் சிரித்தது.
தூதரகத்து ஆள் விளங்காமலே சேர்ந்து சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.
அவன் சொன்னது ஒரு சொல்.
வருவதை ஒட்டுப் போட்டுத் தைத்தவள் கதவோரம் நின்றாள்,
ஈரக் குடையோடு.

ஜெரோமுக்கு நாலு வயதில் நானும் அதைச் சொன்னேன்.
வந்தேன்தான். ஒன்பது வருசம்.
விருந்தாளிக்கு எடுக்கிற பூப்போட்ட கோப்பையில்
தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான்.
சீனி எத்தனை கரண்டி, என்றான்.

அடுத்த காட்சி ஹட்டனில்.
திருத்தம் ஏதும் இருக்கா அன்ரி, என்று பையன் கேட்டிருக்கிறான்.
இருநூற்றுப் பன்னிரண்டில் கோடு மினுங்கி மினுங்கி நிற்கிறது.
வாசலில் ஜெரோம் சப்பாத்து மாட்டுகிறான்.
கட்டார் வேலைக்கு இன்று மெடிக்கல்,
பாஸ்போர்ட் சைஸ் படம் ஆறு, வெறும் வயிறு.

வாறன், என்கிறான்.
போவதை விட்டுவிட்டு.

மூன்று எழுத்து. எண்ணிப் பார்த்தேன்.
படியில் சப்பாத்துச் சத்தம்
இரண்டாம் மாடி வரை கேட்டது,
பிறகு யாரோ மீன்காரனைக் கூப்பிட்டார்கள்.