சிவப்பு வலம், நாக்கு மேல்

சட்பரியில் மழை விழுந்து விழுந்து
பனிக்கட்டியாய் உறைந்த இரவு.
லைவ்லி தீயணைப்பு நிலையத்துப் பின்னறை.
கம்பங்கள் சாய்ந்து ஊர் இருண்டு கிடந்தது.
பணிப்பட்டியல் போட்ட ரெஜானுக்குத் தெரியாது,
எனக்கும் சுகிர்தனுக்கும் விவாகரத்தாகிப்
பதினான்கு மாதம் என்று.

அவன் கையில் வானொலி.
என் காலடியில் பற்றரி.
நடுவே பன்னிரண்டு வோல்ட் நடந்துபோக
வழியில்லை.

அவன் வயரின் முனையில்
காரில் சிகரெட் பற்றவைக்கும் துளைக்கென்று செய்த செருகி.
அசைத்தால் வரும், அசைத்தால் போகும்.
வாய் திறந்தால் இருபத்திரண்டு அம்பியர் கேட்கிற பெட்டிக்கு
பத்திலேயே இளகத் தொடங்கும் ஒன்று.
"இவ்வளவு நாளும் வேலை செய்ததுதானே."
இந்த வாக்கியத்தை
வேறு அறைகளிலும் கேட்டிருக்கிறேன்.

"வெட்டட்டோ?"

கொஞ்ச நேரம் வயரையே பார்த்தான்.
பிறகு டோர்ச்சைப் பிடித்தான்.
அது சம்மதம்.

என் டப்பாவில் சிவப்புக் கூடு நாற்பது,
கறுப்புக் கூடு முப்பத்தெட்டு
(இரண்டு எங்கே போனதோ),
ஒரே கூட்டுக்குள் போகிற மூன்று அளவு முனைகள்:
பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து.
வயரின் தடிப்பைப் பார்த்து முப்பதை எடுத்தேன்.
இழை ஒன்றும் வெளியே நிற்காமல் முறுக்கி,
முனைக்குள் தள்ளி, குறட்டால் ஒரே நெரி.
"ஈயம் வைக்கேல்லையா?"
வைத்தால் வயர் விறைக்கும்;
விறைத்தது ஆட்டத்தில் ஒடியும்.
நெரித்ததை இழுத்துப் பார்த்தேன், பல்லைக் கடித்து.
வரவில்லை.
கூட்டுக்குள் தள்ளியதும் 'டிக்'.
அந்தச் சத்தம் கேட்காவிட்டால்
உள்ளே போனதாக நம்பக்கூடாது.

மற்றச் செருகிகளில் ஒன்று நீட்டும், ஒன்று வாங்கும்;
நீட்டுவது இரண்டு சந்தித்தால் நடுச்சாமத்தில்
கடை தேடி அலைய வேண்டும்.
இதில் ஆணில்லை, பெண்ணில்லை.
ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்தால்
அதுவே மற்றது.

ஆனால் சேர்த்துப் பூட்டும்போது ஒரு விதி உண்டு.
வாயைப் பார்த்தபடி பிடி:
நாக்கு மேலே, சிவப்பு வலப்பக்கம்.
நான் சத்தமாய்ச் சொன்னேன்.
அவனும் சொன்னான்.
பிறையன்ட் வீதி வாடகை வீட்டில், ஒரு ஞாயிறு,
மாற்றிக் கொடுத்து அவனுடைய முதல் வானொலியை எரித்தது நான்.
பியூஸ்தான் பழுது என்று இரண்டு வருஷம் சாதித்தேன்.
அந்த மணம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

பொருந்தியது.
மீற்றரில் பதின்மூன்று புள்ளி ஒன்று.
அவன் பேசப் பேசப் பன்னிரண்டு புள்ளி ஆறுக்கு இறங்கி
அங்கேயே நின்றது.
எஸ்பனோலா பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு பேர்.
இரண்டு கைக்குழந்தை. பால்மா இல்லை.
ஒரு கிழவருக்கு ஒட்சிசன், காலை ஆறுவரை காணும்.
அவன் எண்களைத் திரும்பச் சொன்னான்,
நான் எழுதினேன்.
வேறொன்றும் பேசவில்லை.
எண்களில் ஒன்றும் பிழைக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு வெளிச்சம் வந்தது.
குளிர்சாதனப் பெட்டி முனகத் தொடங்கியது.
இழுத்தான்; திருகில்லை, பூட்டில்லை,
இலேசாய்ப் பிரிந்தது.
என் சிவப்பும் கறுப்பும் அவன் வயரில் தொங்க
ஜக்கெட் போட்டுக்கொண்டு கேட்டான்:

"இது எவ்வளவு?"
"ஒரு டொலர் இருபது."

இரண்டு டொலர்க் குற்றியை
மேசையில் வைத்தான்.
என்னிடம் மிச்சம் இருக்கவில்லை.