நிலைக்கும்

தடாவுக்குக் கிழக்கே படகுத்துறையில்
புதிதாக ஒரு எச்சரிக்கைப் பலகை.
இங்கிலீஷில் ஒரே சொல்: ஷேலோ.
தமிழிலும் தெலுங்கிலும் அதுவே வேண்டும்.
சொல்லுக்கு நாற்பது ரூபாய், பஸ் காசு தனி.

'ஆழமற்ற பகுதி' என்று எழுதிக் கொடுத்தேன்.
மஸ்தானய்யா பெயின்ட் டப்பாவை மூடிவிட்டார்.
"இத்தனை எழுத்துக்குப் பலகை பத்தாதும்மா.
தெலுங்குலயும் 'லோத்து லேது'ன்னே குடுத்திருக்கீங்க.
ஏரியில இல்லாதத எழுதி என்ன பண்ண?
இருக்கறத எழுதுங்க."
சாப்பிடப் போய்விட்டார்.

அந்தச் சொல்லை எனக்கு முன்பே தெரியும்.
பதினோரு வருடத்துக்கு முன்
சூலூர்ப்பேட்டை ஸ்டேஷனில், இரண்டாம் பிளாட்பாரத்தில்,
ஒருவன் அதை என்மேல் வைத்துவிட்டு ரயிலேறினான்.
சண்டை முழுக்கத் தமிழில்தான்.
அதை மட்டும் இங்கிலீஷில் சொன்னான்,
கை படாமல் இடுக்கியால் எடுத்து வைப்பதுபோல.

வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்தேன்.
அதன் பிறப்பு பற்றி அகராதிக்கே உறுதியில்லை.
மணல்திட்டைச் சொல்லும் ஒரு பழைய சொல்லோடு
ரத்த உறவு இருக்கலாமாம்.
முதலில் தண்ணீரைத்தான் சொன்னார்கள்.
பிறகு தட்டை, மூச்சை.
மனிதர்களுக்கு வந்து சேர வெகுகாலம்.
எனக்கு வந்து சேர
நெல்லூர் பாசஞ்சர் இருபது நிமிடம் லேட்.

பொழுது போக, தீவுக்குப் போகும் படகில் ஏறினேன்.
ஏரியின் நடுவே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.
ஏரியின் நடுவே,
உட்கார்ந்து.
பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரண்டு கையாலும் சேற்றைத் தடவி
இறால் எடுத்துப் போட்டபடி நகர்ந்தார்கள்.
வாயில் கயிறு, அதனால் பேச்சில்லை.
எந்த மாநிலத்து இறால் என்று
யாரும் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கொஞ்ச தூரத்தில் படகு தரை தட்டிற்று.
இறங்கித் தள்ளணும் என்றான் படகுக்காரன்.
எல்லாரும் இறங்கினார்கள், ஒரு ஆட்டுக்குட்டியும்.
நான் பலகையைப் பிடித்துக்கொண்டு
கலங்கலைப் பார்த்தபடி இருந்தேன்.

ஒருத்தி தலை நிமிர்ந்தாள்.
தேசம்மா என்று அவளை யாரோ கூப்பிட்டது பிறகுதான்.
கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.
"எறங்கு. நிலைக்கும்."
மறுபடி கடித்துக்கொண்டாள்.

நிலைக்கும்.
வேலை நிலைக்கவில்லை என்போம்,
கல்யாணம் நிலைக்கவில்லை என்போம்,
அதே சொல்.
கால் விட்டேன். குளிர்ந்த சேறு,
விரலிடுக்கில் ஒரு சிப்பி,
அதற்குக் கீழே தரை.

திரும்பி வந்து மஸ்தானய்யாவிடம் சொன்னேன்:
'நிலைத்தண்ணீர்'.
எழுத்துகளை எண்ணினார். சந்தோஷம்.
கான்ட்ராக்டர் போனில் ஒத்துக்கொள்ளவில்லை.
"எச்சரிக்கை போர்டும்மா இது.
வா வான்னு கூப்புடற மாதிரி இருக்கு."

அவர் சொல்வதும் சரிதான்.
படகுக்கு எச்சரிக்கை, காலுக்கு அழைப்பு,
ஒரே முழங்கால் தண்ணீர்.

கடைசியில் 'ஆழமற்ற பகுதி'யையே
நெருக்கி நெருக்கி எழுதினார்.
'தி' மட்டும் விளிம்பில் ஏறி
கம்பத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது.
இரண்டு சொல், எண்பது ரூபாய்.

ஆரம்பாக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
முழங்காலுக்குக் கீழே
ஏரி ஒரு கோடு போட்டிருந்தது.
காய்ந்து, வெளுத்து,
உப்பாக.
சுரண்டாமல் விட்டேன்.